குரலைக் கேட்காமல் செண்டையை ஏற்றாதீர்கள்

பழைய பாட்டுக்கு அடியில் செண்டை (கேரளக் கோயில் கொட்டு) சேர்த்துக்கொண்டு என்னிடம் வருபவர்களில், இந்த மாதம் இவர் நான்காவது ஆள். கொழிஞ்சாம்பாறையில் என் ஸ்டூடியோ மேசையில் பென் டிரைவை வைத்துவிட்டு, "அண்ணா, பழைய பாட்டுல குரலை மட்டும் பிரிச்சு, அடியில செண்டை போட்டாச்சு. எங்கயோ இடிக்குது, மிக்ஸ்ல சரி பண்ணிடுங்க" என்றார். போட்டுக் கேட்டேன். முதல் சரணத்திலேயே பாட்டு ஒரு பக்கம், கொட்டு ஒரு பக்கம். இது மிக்ஸில் தீருகிற நோயல்ல.

கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்: "ஆப் 92 பிபிஎம்னு காட்டுச்சு." பிபிஎம் என்றால் நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்பது. அட தம்பி, அது சராசரிக் கணக்கு! அந்தக் காலத்தில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து, நடத்துபவரின் கையைப் பார்த்து வாசித்தார்கள். காதில் கிளிக் (வேகம் காட்டும் டக் டக் ஒலி) கிடையாது. பல்லவியில் 92 என்றால் சரணத்தில் 93 ஆகும், உருகுகிற இடத்தில் 90க்கு இறங்கும். ஒன்றே ஒன்று கூடினாலும் ஒரு நிமிடத்தில் பாடகர் முழுசாக ஒரு தட்டு முன்னால் போய்விடுவார். உங்கள் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் கொட்டுத் துண்டு) அசையாமல் 92லேயே நிற்கும். அப்புறம் இடிக்காமல் என்ன செய்யும்? சில நேரம் ஆப் பாதியையோ இரட்டிப்பையோ காட்டும், அது வேறு.

முதலில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் குரலை மட்டும் ஓடவிட்டுக் கை தட்டுங்கள். தாளத்தின் முதல் தட்டு விழும் இடங்களையெல்லாம் குறித்து, மென்பொருள் காட்டும் தாளக் கட்டத்தைக் குரலுக்கு ஏற்ப வளையுங்கள். ஆட்டத்துக்கு ஒரே வேகம்தான் வேண்டுமென்றால், மூச்சு விடும் இடங்களில் வெட்டி வரிவரியாக நகர்த்துங்கள். மூச்சை அழித்துவிடாதீர்கள், குரலுக்கு உயிரே அதுதான்.

செண்டை லூப்பிலும் கவனம். பஞ்சாரி மேளம் என்ற கோயில் செண்டை மேளம், ஒரு சுற்றுக்கு 96 அட்சரத்தில் (தாள எண்ணிக்கையில்) தொடங்கி 48, 24, 12, 6 என்று சுருங்கச் சுருங்க வேகம் ஏறுவது. அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளப் பாட்டின் கீழே ஒட்டினால், திருவிழாவில் நிற்கிற எந்தப் பாட்டியும் கண்டுபிடித்துவிடுவார்.

பேஸ் (கீழ்ச்சுர வாத்தியம்) போடுமுன் ஆர்மோனியத்தில் சுருதி பாருங்கள். பழைய டேப்பிலிருந்து வந்தது இரண்டு கட்டைகளுக்கு நடுவே நிற்கலாம். அப்போது உங்கள் கீபோர்டின் சுருதியைத் திருகுங்கள், பாடகரை விட்டுவிடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் (வினாடிக்கு 48,000 ஒலி மாதிரிகள்) பதிவான கோப்பை மாற்றாமல் 44.1ல் ஓடவிட்டால் குரல் ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் இறங்கிவிடும். போன வாரம் வந்தவருக்கு நடந்தது இதுதான். எம்பி3யிலிருந்து பிரித்தெடுத்த குரலில் தபேலாவின் மங்கலான மிச்சம் பேய் மாதிரி ஒட்டியிருக்கலாம். பழகுவதற்கு நண்பனைப் பாடவைத்து 24 பிட்டில் பதிவு செய்யுங்களேன்.

இன்னொன்று. பிரித்தெடுத்ததால் அந்தக் குரல் உங்களுடையது ஆகிவிடாது. "முப்பது வினாடி வரை பரவாயில்லை" என்று 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் எங்கும் எழுதவில்லை. வெளியிடுவதற்கு முன் உரிமை வைத்திருப்பவரிடம் அனுமதி வாங்குங்கள்.

நாலாமவரிடம் குரலை மட்டும் வைத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். செண்டைக்காரரையே வரவழைத்து, குரலைக் கேட்டபடி வாசிக்கச் சொல்லலாம் என்று எண்ணம். செண்டைக்காரர் கோயில் திருவிழா வேலை முடிந்து ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்.