இந்துநகரின் இருட்டும் கடுகின் காரமும்

உதகையில் இரவு வைத்த ஆட்டுக்கால் பாயாவை அடுப்படியிலேயே விட்டுவிட்டால், காலையில் அது கரண்டிக்கு அசையாது. எலும்பிலிருந்து இறங்கிய ஜெலட்டின் குளிரில் கட்டிக்கொண்டிருக்கும். கருப்பு வெள்ளை ஃபிலிமின் உயிரும் இந்த உறைவில்தான் இருக்கிறது. மாட்டெலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுத்துத் தூய்மை செய்த ஜெலட்டினில் வெள்ளி புரோமைடுப் படிகங்களை உருவாக்குகிறார்கள். ‘எமல்ஷன்’ எனப்படும் அந்தக் கலவையை ஒளிபுகும் நாடாவின் மேல் பூசி, ஓடி வழிவதற்குள் குளிரவைத்து உறையச் செய்து, பிறகு உலர்த்துகிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள அந்தப் படிகம் செய்யும் வேலை எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது. ஒளி பட்டதும் படிகத்துக்குள் ஓர் எலக்ட்ரான் விடுபடுகிறது. அது ஓரிடத்தில் சிக்கி நிற்க, அங்கே அலைந்து வரும் வெள்ளி அயனி ஒன்று அதை ஏற்று வெள்ளி அணுவாகிறது. இப்படி நான்கு அணுக்கள் ஒன்றுகூடினால் போதும், அந்தப் படிகம் ஒளியைப் பதிந்துகொண்டுவிட்டது. எந்த நுண்ணோக்கியில் பார்த்தாலும் படம் தெரியாது. ஆனால் படத்தை வெளிக்கொணரும் ‘டெவலப்பர்’ கரைசலில் போட்டதும், அந்த நான்கு அணுக்கள் உள்ள படிகம் முழுவதும் வெள்ளியாக மாறுகிறது. ஒளி தொட்ட சிறு சுவடு ஏறத்தாழ நூறு கோடி மடங்கு பெருகிக் கருமையாகத் தெரிகிறது. ஒளி படாத படிகங்களை ‘ஹைப்போ’ என்ற உப்புக் கரைசல் கரைத்துக் கொண்டுபோய்விடும்.

எலக்ட்ரான் ஏன் ஓரிடத்தில் சிக்கி நிற்க வேண்டும்? இதற்கான விடை கடுகில் கிடைத்தது. ஒரே முறையில் செய்த எமல்ஷன் ஒரு முறை ஒளியைக் கூர்மையாகவும் மறுமுறை மந்தமாகவும் உணர்வது அந்தக் காலத் தொழிற்சாலைகளுக்குப் பெரும் தலைவலி. கோடாக் ஆய்வகத்தின் சாமுவேல் ஷெப்பர்டு 1925இல் காரணத்தைக் கண்டறிந்தார். கடுகுச் செடியில் காரம் தரும் கந்தகச் சேர்மம், அதை மேய்ந்த மாட்டின் வழியாக ஜெலட்டினுக்குள் வந்து சேர்ந்திருந்தது. அது படிகத்தின் மேல் வெள்ளி சல்பைடு புள்ளிகளை உண்டாக்க, எலக்ட்ரான்கள் அங்கே மாட்டிக்கொண்டன. மாடு எதை மேய்ந்தது என்பது வரை தொடரும் தொழில் இது.

வெள்ளி புரோமைடுக்கு இயல்பாக நீல ஒளிதான் தெரியும். அதை மட்டும் நம்பி நீலகிரியைப் படமெடுத்தால் வானம் வெளுத்துப்போகும், தேயிலைச் சரிவு கரிக்கட்டையாகிவிடும். ஹெர்மன் ஃபோகல் 1873இல், சில சாயங்களைச் சேர்த்தால் படிகம் பச்சையையும் உணரும் என்று காட்டினார். பின்னாளில் சிவப்பும் வசப்பட்டது. எல்லா நிறத்தையும் உணரும் அத்தகைய ஃபிலிமுக்கு ‘பான்குரோமாட்டிக்’ என்று பெயர். பான் என்ற சொல்லைப் பல ஃபிலிம் பெட்டிகளில் பார்க்கலாம். சிவப்பு விளக்கும் அதைக் கெடுத்துவிடும் என்பதால், பூசுவது முதல் சுருட்டிப் பெட்டியில் அடைப்பது வரை முழு இருட்டில்தான் நடக்க வேண்டும்.

அந்த இருட்டு உதகை இந்துநகரில் பல ஆண்டுகள் இருந்தது. 1960இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம், பிரான்சின் போஷே நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 1967இல் உற்பத்திக்கு வந்தது. எமல்ஷனுக்குத் தூசியும் வெப்பமும் ஆகாது. அதனால்தான் இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். பெட்டிகளில் ‘இந்து’ என்ற பெயர் இருக்கும். இந்து என்றால் நிலா. பழைய ரசவாதிகளும் வெள்ளிக்கு நிலவின் குறியைத்தான் இட்டார்கள். எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் அங்கே வேலை பார்த்தவர். மின்சாரம் போனால் அவர் மெழுகுவத்தி தேடமாட்டார். சுவரை விரலால் தொட்டபடி வீடு முழுவதும் நடப்பார்.

இந்துநகரின் இயந்திரங்கள் நின்றுவிட்டன. ஒரு முறை நின்ற ஃபிலிம் ஆலையை மீண்டும் ஓட்டுவது எவ்வளவு கடினம் என்பதை உலகமே பார்த்திருக்கிறது. குரோவேஷியாவில் எஃப்கே ஃபிலிம் செய்த ஃபோட்டோகெமிகா, பழுதான பழைய இயந்திரங்களுக்கு மாற்று இல்லாமல் 2012இல் உற்பத்தியை நிறுத்தியது. ஃபியூஜி 2018இல் தன் கருப்பு வெள்ளை ஃபிலிமான அக்ராஸை நிறுத்தி மறு ஆண்டே திரும்பக் கொண்டுவந்தது. ஆனால் புதிய பெட்டியில் இங்கிலாந்தில் தயாரானது என்று அச்சிட்டிருந்தது. இன்று கருப்பு வெள்ளை ஃபிலிமைச் சொந்தமாகப் பூசும் ஊர்கள் மிகச் சில. இங்கிலாந்தின் மோபர்லியில் இல்ஃபோர்டு, அமெரிக்காவின் ராச்செஸ்டரில் கோடாக், செக் நாட்டின் ஹிராடெட்ஸ் கிராலோவேயில் ஃபோமா ஆகியவை முக்கியமானவை. கடையில் தெரியும் பெயர்களோ இதைவிட மிக அதிகம். ஃபோமாவின் ஃபிலிமே அமெரிக்காவில் அரிஸ்டா என்ற பெட்டியிலும் விற்கிறது.  ஆகவே புதிய பெயரைக் கண்டதும் புதிய ஃபிலிம் என்று மகிழ்வதற்கு முன், எந்த ஊரில் பூசியது என்று பார்ப்பது நல்லது.

வெளிநாட்டிலிருந்து வந்த சுருளைக் கழுவும்போதும் மலை தன் பங்கைக் கேட்கிறது. டெவலப்பருக்கான நேரக் கணக்கு பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸை வைத்துச் சொல்லப்படுவது. கோடையில் மதுரைக்காரர் அதற்குப் பனிக்கட்டி தேட வேண்டும். சனவரி உதகையில் நிலைமை நேர்மாறு. டெவலப்பரில் உள்ள ஹைட்ரோகுயினோன் என்ற வேதிப்பொருள் சுமார் 12 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய வேலை செய்வதை நிறுத்திவிடும். ஒரு சனவரியில் என் சுருள் வெளிறிப்போய் வந்தபோது, ஃபிலிம் பழையது என்றே நினைத்தேன். பெரியவர் நெகட்டிவைப் பார்க்கவில்லை. குழாய்த் தண்ணீரில் விரலை வைத்துப் பார்த்தார். அடுத்த சுருளுக்கு டெவலப்பர் குப்பியை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி, வெப்பமானி 20 காட்டிய பிறகே ஊற்றினேன். தொட்டபெட்டா சரிவின் கற்பூர மரங்கள் என்னும் யூகலிப்டஸ் மரங்கள், உரிந்து தொங்கும் பட்டையோடு நெகட்டிவில் தெரிந்தன.