ஓட்டுச்சீட்டில் நாம் தாண்டிப்போகும் பெயர்

கென்டக்கி மாநிலம் லூயிவில்லில் பல வருடமாக வருமான வரிக் கணக்கு பார்த்துக் கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் நம் ஊர்க்காரர்கள். அப்படி வந்த ஒரு தம்பி, 2023 நவம்பரில் முதல் முறையாக ஓட்டுப் போட்டவர், பேச்சுவாக்கில் சொன்னார்: "கவர்னருக்குப் போட்டேன் அண்ணா. கீழே ட்ரெஷரர், ஆடிட்டர்னு என்னவோ இருந்துச்சு, யாருன்னே தெரியல, விட்டுட்டேன்."

நான் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி, யாரும் உரிமை கோராத பணத்தைத் தேடுகிற மிஸ்ஸிங்மனி தளத்தில் அவர் பெயரை அடித்தேன். ஒன்றும் வரவில்லை. அப்பா பெயரை முன்னால் போட்டுப் பார்த்தேன், அதற்கும் இல்லை. அப்புறம் "எஃப்என்யூ" (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று முதல் பெயர் இடத்தில் போட்டேன். கடவுச்சீட்டில் ஒரே பெயர் இருந்தால் விசாவில் அப்படித்தான் எழுதுவார்கள், வேலைக்கு எடுக்கும் கம்பெனியும் அதையே பதிந்துவிடும். வந்தது! இரண்டு வரி. பழைய வீட்டு அட்வான்ஸில் திரும்பி வர வேண்டிய பாக்கி, முதல் வேலையை விட்டபோது கைக்கு வராத கடைசிச் சம்பளம். இரண்டிலும் அவர் என்றோ காலி செய்த பழைய முகவரி.

இந்தப் பணம் இவ்வளவு நாள் யாரிடம் இருந்தது தெரியுமா? அவர் ஓட்டுப் போடாமல் விட்ட அதே ட்ரெஷரரிடம், அதாவது மாநிலப் பொருளாளரிடம்.

நம் ஊரில் கருவூலம் என்றால் அரசுத் துறை, அதிகாரியை நியமிப்பார்கள், ஓய்வூதியத்துக்காகப் போய் நிற்போம். இங்கே பெரும்பாலான மாநிலங்களில் பொருளாளரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். தமிழ்ச் சங்கத்தில் தலைவர் இருந்தாலும் பொருளாளரைத் தனியாகத் தேர்ந்தெடுப்போம் இல்லையா, அந்த ஏற்பாடுதான். செலவு செய்ய முடிவெடுப்பவர் ஒருவர், பெட்டிச் சாவி இன்னொருவரிடம், கணக்கைச் சரிபார்ப்பவர் மூன்றாமவர். வரிப்பணத்தை வங்கியில் வைப்பது, சும்மா கிடக்கும் தொகையை முதலீடு செய்வது, மாநிலத்தின் காசோலைகளைக் கொடுப்பது, பல மாநிலங்களில் பிள்ளைகளின் படிப்புக்கான 529 சேமிப்புத் திட்டத்தை நடத்துவது எல்லாம் இந்த அலுவலகத்தின் வேலை. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. கலிஃபோர்னியாவில் உரிமை கோராத பணம் மாநிலக் கணக்குகளைப் பார்க்கும் கன்ட்ரோலரிடம் இருக்கிறது, மேரிலாந்தில் பொருளாளரைச் சட்டமன்றம் தேர்ந்தெடுக்கிறது.

இந்தச் சாவி தப்பான கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் மாநிலமே சாட்சி. 1850-இல் எழுதிய அரசமைப்புச் சட்டத்தின்படி கென்டக்கியில் பொருளாளர் பதவிக்கு மக்கள் ஓட்டு வந்தது. 1867-இல் ஜேம்ஸ் டேட் என்பவர் ஜெயித்தார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை தேர்தல், ஒவ்வொரு முறையும் அவர்தான். ஊரே அவரை "நேர்மையான டிக்" என்று கூப்பிட்டது. அந்தப் பெயர் இருந்ததால் இருபது வருடம் யாரும் கணக்கைச் சரியாகத் திறந்து பார்க்கவில்லை. கடைசியில் பார்க்கலாம் என்று பேச்சு எழுந்ததும், 1888 மார்ச்சில் அவர் புகையிலைச் சாக்கு இரண்டில் தங்க, வெள்ளிக் காசுகளை நிரப்பி, நோட்டுக் கட்டையும் எடுத்துக்கொண்டு லூயிவில் போவதாகச் சொல்லிக் கிளம்பினார். திரும்பவே இல்லை. கணக்கில் காணாமல் போயிருந்த தொகை கிட்டத்தட்ட 2,47,000 டாலர். பெட்டகத்தில் இருந்தது அரசியல்வாதிகளும் நண்பர்களும் கடன் வாங்கியதற்கு எழுதிக் கொடுத்த சீட்டுகள். இந்தச் சூட்டோடு சூடாக 1891-இல் வந்த புதிய அரசமைப்பில், இந்தப் பதவியில் ஒருவர் அடுத்தடுத்து இருக்கக் கூடாது என்று எழுதினார்கள். 1992-இல்தான் தொடர்ந்து இரண்டு முறை என்று தளர்த்தினார்கள்.

பழைய கதை என்று தள்ள வேண்டாம். கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்ட்டியில் (கவுண்ட்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி), மக்கள் தேர்ந்தெடுத்த பொருளாளர் ராபர்ட் சிட்ரன் ஊர்ப்பணத்தின் மேல் கடன் வாங்கி, வட்டி ஏறாது என்று நம்பி முதலீட்டில் போட்டார். 1994 தேர்தலில் எதிர்த்து நின்றவர் இதைச் சொல்லித்தான் எச்சரித்தார். மக்கள் சிட்ரனையே மறுபடி ஜெயிக்க வைத்தார்கள். அந்த வருடம் வட்டி ஏறியது, டிசம்பரில் கவுண்ட்டி திவால், நஷ்டம் 160 கோடி டாலருக்கு மேல்.

டெக்சாஸில் 1995-இல் ஓட்டெடுப்பு வைத்து இந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள், வேலை கன்ட்ரோலருக்குப் போனது. செலவு மிச்சம் என்றார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சாவியும் கணக்கும் ஒரே கைக்குப் போவதை, கணக்குப் பார்க்கிற தொழிலில் இருக்கிற எவரும் சரி என்று சொல்ல மாட்டார்.

சரி, இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். குடியுரிமை இல்லாதவர்களும் செய்யலாம், பணத்தைத் திரும்பப் பெற ஓட்டுரிமை தேவையில்லை. நீங்கள் இருந்த ஒவ்வொரு மாநிலத்திலும் தேடுங்கள். பெயரை முன்பின்னாக மாற்றி, இனிஷியலை விரித்து, அப்பா பெயரோடு, கல்யாணத்துக்கு முந்தைய பெயரோடு, எஃப்என்யூவோடு என்று எல்லா விதமாகவும் போட்டுப் பாருங்கள். வங்கிக் கணக்கு பொதுவாக மூன்று முதல் ஐந்து வருடம் அசையாமல் கிடந்தால் மாநிலத்துக்குப் போய்விடும், சம்பளக் காசோலை பல மாநிலங்களில் ஒரே வருடத்தில் போய்விடும். போனாலும் பெரும்பாலான மாநிலங்களில் எப்போது வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். கட்டணம் கிடையாது. "உங்கள் பணத்தைக் கண்டுபிடித்துத் தருகிறோம், எங்களுக்கு இத்தனை சதவீதம்" என்று கடிதம் வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள், அதே பணத்தை நீங்களே பத்து நிமிடத்தில் கேட்கலாம். பழைய முகவரிக்குச் சான்றாக ஒரு வங்கி அறிக்கையோ, கம்பெனி வருடா வருடம் கொடுக்கும் சம்பளக் கணக்கான டபிள்யூ-2 படிவமோ கேட்பார்கள், அதனால் பழைய தாள்களைக் கிழித்துப் போடாதீர்கள்.

அந்தத் தம்பிக்கு இரண்டு மாதத்தில் காசோலை வந்தது. அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பிவிட்டு, "அடுத்த ட்ரெஷரர் எலெக்‌ஷன் எப்போ அண்ணா?" என்று கேட்டிருந்தார். 2027 நவம்பர் என்று பதில் போட்டேன்.