வெயிலை பேனலின் சாய்விலேயே அளக்க வேண்டும்

ஐப்பசி அடைமழை தொடங்கியதும் “சோலார் முன்ன மாதிரி யூனிட் கொடுக்கறதில்லை” என்ற புகார்கள் கூடிவிடும். பேனலையோ இன்வர்ட்டரையோ குறை சொல்வதற்கு முன், அந்தப் பேனலின் முகத்தில் அன்று எவ்வளவு வெயில் விழுந்தது என்று தெரிய வேண்டும். அந்த எண் கையில் இல்லாதவரை, வாடிக்கையாளரும் பேனல் பொருத்தியவரும் ஆளுக்கொரு ஊகத்தை வைத்துத்தான் பேசிக்கொண்டிருப்பார்கள்.

வானிலைத் தரவுகளில் பெரும்பாலும் கிடைப்பது சமதளத்தில் விழும் வெயில். பேனலோ சாய்ந்திருக்கிறது. சென்னையில் 13 பாகை தெற்குச் சாய்வை எடுத்துக்கொள்வோம். டிசம்பர் 21 உச்சிவேளையில் சூரியன் தலைக்கு நேர்மேலிருந்து 36.5 பாகை தெற்கே நிற்கிறது. நேரடிக் கதிர் 800 வாட், வானம் முழுவதிலிருந்தும் சிதறி வரும் ஒளி 130 வாட் என்றால், சமதளத்தில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 773 வாட் விழும். சாய்ந்த பேனலில் சுமார் 864. அதாவது 12 சதவீதம் கூடுதல். ஜூன் 21 அன்று கதை தலைகீழ். சூரியன் 10 பாகை வடக்கே போய்விடுகிறது. நேரடிக் கதிர் 700, சிதறிய ஒளி 300 என்றால் சமதளத்தில் 989, பேனலில் 941. சமதள எண்ணை அப்படியே எடுத்துக் கணக்குப் போட்டால் டிசம்பரில் பேனல் பிரமாதமாகவும் ஜூனில் பழுதாகவும் தெரியும். இரண்டுமே பொய்.

இந்தக் கணக்கில் மூன்று பங்குகள் உண்டு. நேரடிக் கதிரை, பேனல் முகத்துக்கும் கதிருக்கும் இடையிலான கோணத்தின் கொசைனால் பெருக்க வேண்டும். சிதறிய ஒளியில், பேனலின் கண்ணுக்குத் தெரியும் வானத்தின் பங்கை மட்டும் எடுக்க வேண்டும். மூன்றாவது தரையிலிருந்து எதிரொளிப்பது; 13 பாகையில் அது இரண்டு மூன்று வாட்தான், விட்டுவிடலாம்.

கையால் போட விருப்பமில்லாதவர்களுக்கு பிவிஜிஐஎஸ் என்ற இலவச இணையக் கருவி போதும். ஆனால் அதில் தெற்குத் திசைக்கு 0 என்று கொடுக்க வேண்டும். பிவிவாட்ஸ் என்ற இன்னொரு இணையக் கருவியில் தெற்குக்கு 180. ஒன்றின் வழக்கத்தில் மற்றொன்றில் நிரப்பினால் பேனல் வடக்கு பார்த்து நிற்கும். விடை நம்பும்படியாகவே வரும் என்பதுதான் ஆபத்து. மணிநேரக் கணக்கு போடுபவர்கள் கடிகார 12 மணியை உச்சிவேளை என்று கொள்ளக் கூடாது. ஆண்டுச் சராசரியில் சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவது 12.09-க்கு, கோவையில் 12.22-க்கு.

அளப்பதற்குச் சிறந்தது பைரனோமீட்டர் (கண்ணாடிக் குமிழ் உள்ள வெயில்மானி) அல்லது சிலிக்கான் ரெஃபரன்ஸ் செல் (வெயிலை அளக்கவென்றே அளவு திருத்திய சிறு சோலார் செல்). எதுவானாலும் பேனல் ஃபிரேமோடு ஒட்டி, அதே சாய்வில், அதே திசையில் இருக்க வேண்டும். கதிர் 50 பாகைக் கோணத்தில் விழும் நேரத்தில் கருவி 5 பாகை பிசகினால் நேரடிக் கதிரில் 11 சதவீதம் தவறு வரும். தண்ணீர்த் தொட்டியின் நிழலும் கருவியைப் பிடித்திருப்பவரின் நிழலும் விழக் கூடாது. கண்ணாடிக் குமிழில் படியும் தூசு சத்தமில்லாமல் அளவைக் குறைத்துவிடும். லக்ஸ் மீட்டரை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். அது மனிதக் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கானது.

கருவி இல்லையென்றால் பேனலையே கருவியாக்கலாம். ஷார்ட் சர்க்யூட் கரண்ட், அதாவது பேனலின் இரு முனைகளையும் நேராக இணைத்தால் ஓடும் கரண்ட், வெயிலுக்கு ஏறக்குறைய நேர்விகிதத்தில் இருக்கும். டேட்டா ஷீட்டில் 1000 வாட் வெயிலுக்கு 14 ஆம்பியர் என்றிருந்து, டிசி கிளாம்ப் மீட்டர் 9.8 காட்டினால் வெயில் சுமார் 700 வாட். பேனல் 60 பாகை செல்சியஸுக்குச் சூடாகியிருந்தால் அதில் 2 சதவீதத்தைக் கழியுங்கள். இன்வர்ட்டரையும் டிசி ஐசொலேட்டரையும் (பேனல் பக்கத்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) அணைத்த பிறகு, ஸ்ட்ரிங்கிலிருந்து (தொடராக இணைத்த பேனல் வரிசை) கழற்றிய ஒரே ஒரு பேனலில் மட்டும் இதைச் செய்ய வேண்டும். தடித்த துணியால் பேனலை முழுக்க மூடி, அதன் இரண்டு எம்சி4 கனெக்டர் முனைகளையும் ஒன்றோடொன்று இணைத்து, துணியை எடுத்து அளந்து, மறுபடி மூடிய பின்பே பிரிக்க வேண்டும். வெயிலில் பிரித்தால் டிசி ஆர்க் எனும் தீப்பொறி வரும். முழு ஸ்ட்ரிங்கில் பல நூறு வோல்ட் இருக்கும். அதை ஒருபோதும் இப்படித் தொடாதீர்கள். பயிற்சி இல்லாதவர்கள் எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவதே சரி.

பேனலில் பாதி நிழல் இருந்தால் இந்த அளவு ஏமாற்றும். பேனலுக்குள் இருக்கும் பைபாஸ் டையோடு, நிழல் பட்ட பகுதியை ஒதுக்கிவிட்டு முழு கரண்டைக் காட்டக்கூடும். மேகமில்லாத வேளையில், கழுவுவதற்கு முன்பும் பின்பும் அடுத்தடுத்து அளந்தால், தூசு எத்தனை சதவீதம் தின்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

இனி நாள் கணக்கு. 3 கிலோவாட் அமைப்பின் பேனல் தளத்தில் ஒரு நாளில் சதுர மீட்டருக்கு 5.4 யூனிட் வெயில் விழுந்து, 12.2 யூனிட் மின்சாரம் வந்தால், 12.2-ஐ 16.2-ஆல் (3 × 5.4, இழப்பே இல்லாவிட்டால் வந்திருக்க வேண்டிய யூனிட்) வகுக்கக் கிடைப்பது 0.75. கோடையில் பேனல் சூட்டாலேயே பத்து சதவீதத்துக்கு மேல் போகும் என்பதால் இது நியாயமான அளவு. நல்ல வெயில் நாட்களிலும் 0.7-க்குக் கீழே நின்றால் தூசு, நிழல், தளர்ந்த கனெக்டர் என்று வரிசையாகப் பாருங்கள். நண்பகலில் மட்டும் உற்பத்தி அறுந்து அறுந்து வந்தால், தெரு லைனில் வோல்டேஜ் ஏறி இன்வர்ட்டர் துண்டித்துக்கொள்கிறதா என்று அதன் பதிவில் தேடுங்கள்.