ஆன்டிசெப்டிக்: கிருமிநாசினியா, புரைத்தடுப்பியா?

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்ததும் சில மருத்துவமனைகளில் நோயாளியிடம் ஒரு திரவத்தைக் கொடுத்து, "முந்தின நாள் ராத்திரியும் அன்றைக்குக் காலையிலும் இதைத் தேய்த்துக் குளித்துவிட்டு வாருங்கள்" என்பார்கள். பாட்டிலின் மேல் ஆன்டிசெப்டிக் என்று இருக்கும். தமிழில் என்னவென்று கேட்டால் 'கிருமிநாசினி' என்று பதில் வரும். தரை துடைக்கும் திரவத்துக்கும் அதே பெயர்தான். இரண்டையும் ஒரே சொல்லில் அடைப்பது சரியில்லை.

கிரேக்க மொழியில் 'செப்சிஸ்' என்றால் அழுகல். 'ஆன்டி' என்றால் எதிர். ஆக, ஆன்டிசெப்டிக் என்பது அழுகலுக்கு எதிரானது. இந்தச் சொல்லுக்குள் கிருமி எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். 1750 வாக்கில் ஜான் பிரிங்கிள் என்ற ராணுவ மருத்துவர், எந்தெந்தப் பொருள் இறைச்சி அழுகுவதைத் தள்ளிப்போடுகிறது என்று சோதித்துப் பார்த்து, அவற்றை ஆன்டிசெப்டிக் என்று குறித்தார். அழுகலுக்குக் காரணம் நுண்ணுயிர் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. நாம் 'செப்டிக் டேங்க்' என்கிறோமே, 'புண் செப்டிக் ஆகிவிட்டது' என்கிறோமே, அவற்றிலும் இருப்பது இதே வேர்தான்.

நுண்ணுயிர்கள் பற்றிய பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்டரின் ஆய்வுகளைப் படித்த அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர், 1865 ஆகஸ்டில் கிளாஸ்கோவில், வண்டிச் சக்கரம் ஏறி எலும்பு முறிந்து வெளிக்காயமும் பட்ட 11 வயதுச் சிறுவனின் காலுக்குக் கார்பாலிக் அமிலம் தோய்த்த கட்டுப் போட்டார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட காயம் சீழ் வைத்து, காலையே வெட்டி எடுக்கும்படி ஆகிவிடும். உயிர் போவதும் உண்டு. அந்தச் சிறுவனின் காயம் சீழ் வைக்காமல் ஆறியது. 1867இல் லிஸ்டர் தன் முறையை வெளியிட்டபோது வைத்த பெயர், அந்தப் பழைய சொல்லான ஆன்டிசெப்டிக்.

சரி, அறுவைக்கு முன் தோலைக் கழுவும்போது உண்மையில் என்ன நடக்கிறது? தோலின் மேற்பரப்பில் வந்து ஒட்டிய நுண்ணுயிர்கள் சோப்புக்கே பெருமளவு போய்விடும். முடிக்கால்களிலும் சுரப்பிகளின் வாயிலும் நிரந்தரமாகக் குடியிருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் அவ்வளவு சுலபத்தில் போகாது. எதைப் போட்டுத் தேய்த்தாலும் உயிருள்ள தோலை நுண்ணுயிரே இல்லாததாக ஆக்க முடியாது. எண்ணிக்கையைக் குறைக்கலாம், மீண்டும் பெருகுவதைச் சில மணி நேரம் தள்ளிப்போடலாம். குளோர்ஹெக்சிடின் என்ற ஆன்டிசெப்டிக் மருந்து தோலில் ஒட்டி நின்று வேலை செய்வதால்தான் அதற்கு இவ்வளவு மதிப்பு. 2016இல் உலக சுகாதார நிறுவனம் தந்த வழிகாட்டுதல், அறுவைக்கு முன் குளிப்பதற்குச் சாதாரண சோப்பும் போதும் என்கிறது. அறுவை அரங்கில் தோலில் பூசுவதற்கு ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடினைப் பரிந்துரைக்கிறது. பூசியது நன்றாக உலர வேண்டும். ஆல்கஹால் தீப்பற்றக்கூடியது என்பதும் அதற்கு ஒரு காரணம். முடியை பிளேடால் மழிக்கக் கூடாது என்பதும் அதே வழிகாட்டுதலில் உண்டு. மழிக்கும்போது விழும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களே கிருமிக்கு வாசலாகிவிடும்.

இப்போது 'கிருமிநாசினி'யைப் பாருங்கள். நாசம் செய்வது என்று அது உறுதி கொடுக்கிறது. அதை நம்பி, ஒருமுறை தேய்த்தால் தோல் முழுச் சுத்தம் என்று நினைத்து, குளித்த பிறகு பவுடரோ கிரீமோ பூசிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். மேசை, தரை, கருவி ஆகியவற்றுக்குக் கிருமிநாசினி என்ற பெயர் இருக்கட்டும். உயிருள்ள தோலுக்கும் புண்ணுக்கும் வேறு சொல் வேண்டும்.

அது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆறாத புண் உள்ளுக்குள் குழிந்து சீழ் கட்டுவதைப் 'புரையோடுதல்' என்கிறோம். புரை என்றால் துளை, உட்குழிவு; குற்றம் என்ற பொருளும் உண்டு. குறளில் 'புரைதீர்ந்த நன்மை' என்று வருவது அந்தப் பொருளில். தமிழ் வேதியியல் பாடநூல்களில் 'புரைத்தடுப்பான்' என்ற சொல் உண்டு. நான் 'புரைத்தடுப்பி' என்று எழுதுவேன், பேச்சில் இன்னும் எளிதாக வரும் என்பதால். கண்புரையோடு குழம்பாதா என்று கேட்கலாம். 'புண்' என்ற சொல் பக்கத்தில் இருந்தால் குழப்பம் வராது.

'அழுகலெதிரி' வேருக்கு நெருக்கமான மொழிபெயர்ப்புதான். ஆனால் அறுவைக்குப் போகிறவர் கையில் 'அழுகல்' என்று எழுதிய பாட்டிலைக் கொடுக்க எனக்கு மனம் வராது. 'புரைத்தடுப்புக் குளியல்: முதல் நாள் இரவு ஒருமுறை, அறுவை நாள் காலை ஒருமுறை. அதன்பின் தோலில் எதுவும் பூச வேண்டாம்' என்று குறிப்புத் தாளில் எழுதலாம்.