சொலிதேயோ: கடவுளுக்காக மட்டும் கழற்றும் தொப்பி

திருத்தந்தையின் (போப்பின்) உச்சந்தலையில் ஒட்டினாற்போல் இருக்கும் அந்த வெள்ளைத் தொப்பியை இத்தாலியர்கள் 'சுக்கெட்டோ' என்பார்கள். 'சுக்கா' என்றால் பூசணி, சுரை வகைக் காய். பேச்சில் மண்டைக்கும் அதே சொல்தான். சின்ன சுக்கா, சுக்கெட்டோ. பார்த்தாலும் பாதிச் சுரைக்குடுக்கையைக் கவிழ்த்த மாதிரிதான் இருக்கும். எட்டு முக்கோணத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, நடுவில் பிடித்துத் தூக்க ஒரு காம்பும் வைத்திருப்பார்கள். திருத்தந்தைக்கு வெள்ளை, கர்தினால்களுக்குச் சிவப்பு, ஆயர்களுக்கு (பிஷப்புகளுக்கு) ஊதா.

எனக்குப் பிடித்தது அதன் இன்னொரு பெயர்: 'சொலிதேயோ'. லத்தீனில் 'சோலி தேயோ' என்றால் 'கடவுளுக்கு மட்டுமே'. ஸ்பெயினில் இன்றும் இந்தப் பெயர்தான்.

ஆண்கள் தலையை மூடிக்கொண்டு மன்றாடக் கூடாது என்று இயேசுவின் திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும் அதையே சொன்னது. ஆனால் மக்களின் வழக்கம் வேறாக இருந்தால் விலக்கு உண்டு. சீனாவில் தலையைத் திறப்பதுதான் அவமரியாதை என்பதால், அங்கே தலையணியோடு திருப்பலி (பூசை) நிறைவேற்ற 1615இலேயே திருத்தந்தை 5-ஆம் பவுல் அனுமதி தந்திருந்தார்.

சரி, அப்படியிருக்க இந்தத் தொப்பி எப்படி வந்தது? குருக்கள் உச்சியை மழித்துக்கொண்ட காலம் அது. கல்லால் கட்டிய கோயில்களின் குளிரில் மழித்த இடத்தை மூடத்தான் இதைப் போட்டார்கள். மழிக்கும் சடங்கைத் திருத்தந்தை 6-ஆம் பவுல் 1972இல் நீக்கிவிட்டார். தொப்பி மட்டும் நின்றுவிட்டது.

ஆயர் நிறைவேற்றும் திருப்பலியில், நற்கருணை மன்றாட்டைத் தொடங்கிவைக்கும் 'தொடக்கவுரை' என்ற செபத்துக்குச் சற்று முன் கவனித்துப் பாருங்கள். உதவியாளர் ஒருவர் பின்னால் வந்து, அந்தக் காம்பைப் பிடித்துத் தொப்பியை மெல்ல எடுத்துவிடுவார். எல்லாரும் நற்கருணை அப்பம் வாங்கி முடித்த பிறகுதான் அது திரும்பத் தலைக்கு வரும். நடுவில் இருக்கும் அந்த வெறுந்தலைதான் 'கடவுளுக்கு மட்டுமே' என்பதன் பொருள்.

தமிழில் எப்படிச் சொல்லலாம்? 'சிறு தொப்பி' என்றால் குழந்தையின் தொப்பியும் அதில் அடங்கிவிடும். 'குல்லா' உருவத்துக்குப் பொருந்தும்; ஆனால் அது பாரசீகத்திலிருந்து வந்த சொல், அப்புறம் 'குல்லா போடுவது' என்றால் ஏமாற்றுவது என்றும் ஆகிவிடுகிறது. 'உச்சித்தொப்பி' என்பதே என் தேர்வு. எங்கே இருக்கிறது, எதை மூட வந்தது, இரண்டையும் அந்த ஒரு சொல்லே சொல்லிவிடுகிறது. 'ஆயர் உச்சித்தொப்பியைக் கழற்றினார்' என்று எழுதினால், இதுவரை அதைப் பார்த்திராதவருக்கும் புரியும்.