ஐந்தாம் நாள் படபடப்பு: தைராய்டு மாத்திரை உடம்பில் ஏறும் கணக்கு

"எனக்கு 50 மைக்ரோகிராமிலிருந்து 75க்கு மாற்றியிருக்கிறார்கள். ஐந்து நாள்தான் ஆகிறது. ராத்திரி ஒருக்களித்துப் படுத்தால் தலையணைக்குள் இதயம் அடித்துக்கொள்வது கேட்கிறது. கை லேசாக நடுங்குகிறது. முடி வேறு கொத்துக் கொத்தாக வருகிறது. டோஸ் எனக்கு அதிகமாகிவிட்டதா? பழைய மாத்திரைக்கே போய்விடலாமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

நானும் இந்த மாத்திரையைச் சாப்பிடுகிறவன்தான். எனக்கு 75லிருந்து 100 ஆக்கியபோது, காலையில் எழுந்ததும் மணிக்கட்டில் விரல் வைத்து நாடியை எண்ணி ஒரு நோட்டில் எழுதி வந்தேன். முதல் நாள் 58. ஒரு வாரத்தில் 63. மூன்றாவது வாரம் 70. எழுபது என்பது யாருக்கும் கவலை தரும் எண்ணே இல்லை. ஆனால் மாதக்கணக்கில் 58லேயே ஓடிப் பழகிய எனக்கு, மார்புக்குள் யாரோ குடிவந்த மாதிரி இருந்தது. அந்த நோட்டை வைத்துக்கொண்டு நான் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அடிப்படை எல்லாம் பள்ளிப் பாடம், வேகமாகத் தாண்டிவிடலாம். கழுத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் ஒரு சுரப்பி. அது சுரப்பது பெரும்பாலும் டி4 எனப்படும் தைராக்ஸின், கொஞ்சம் டி3. சுரப்பு குறைந்தால் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி, டிஎஸ்எச் என்ற ஹார்மோனைக் கூடுதலாக அனுப்பி "இன்னும் சுர" என்று விரட்டும். சுரப்பியால் முடியவில்லை என்றால் அதே டி4ஐ மாத்திரையாக விழுங்குகிறோம். சுரப்பி செய்வதும் ஆலை செய்வதும் அணுவுக்கு அணு ஒரே மூலக்கூறுதான். நான்கு அயோடின் அணுக்களைச் சுமப்பதால் அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அயோடின் மட்டுமே.

அளவோ மிகச் சிறியது. 100 மைக்ரோகிராம் என்றால் தூள் உப்பில் ஓரிரு பரல். மாத்திரையில் மீதி எல்லாம் கையில் பிடிப்பதற்காகச் சேர்த்த மாவு. எட்வர்ட் கெண்டால் என்ற வேதியியலாளர் 1914 டிசம்பர் 25 அன்று அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் தைராக்ஸினை முதன்முதலாகப் படிகமாகப் பிரித்தெடுத்தார். அப்புறம் ஏறக்குறைய மூன்று டன் பன்றித் தைராய்டைக் கரைத்து வடித்து அவர் சேர்த்தது 33 கிராம். கேட்பதற்குச் சொற்பம்தான். ஆனால் தினம் 100 மைக்ரோகிராம் என்று கணக்குப் போட்டால் ஒரே ஆளுக்கு 900 வருஷத்துக்கு வரும்!

சரி, வாசகியின் ஐந்து நாளுக்கு வருவோம். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

தலைவலி மாத்திரை போட்டால் சில மணி நேரத்தில் அதன் வேலை முடிந்துவிடும். தைராக்ஸின் அப்படியில்லை. ரத்தத்தில் நுழைந்ததுமே அதைப் புரதங்கள் பிடித்துக்கொள்கின்றன. பத்தாயிரம் டி4 மூலக்கூறுகளை எடுத்தால் அதில் கட்டில்லாமல் திரிபவை இரண்டோ மூன்றோதான். மற்றவை எல்லாம் புரதத்தின் மடியில். மடியில் இருப்பது செல்லுக்குள் போகாது, சிறுநீரகம் வழியாகவும் எளிதில் வெளியேறாது. அதனால் உடம்பில் இருக்கும் மொத்த டி4இல் ஒரு நாளைக்குச் செலவாவது பத்தில் ஒரு பங்குதான். பாதியாகக் குறையவே ஒரு வாரம் பிடிக்கும்.

அடியில் சின்ன ஓட்டை உள்ள ஒரு பானையை நினைத்துக்கொள்ளுங்கள். தினம் காலையில் ஒரு குவளை ஊற்றுகிறோம், நாள் முழுக்க ஒழுகுகிறது. நீர்மட்டம் ஏற ஏற ஒழுக்கும் கூடும். ஊற்றுவதும் ஒழுகுவதும் சமமாகும் இடத்தில் மட்டம் நின்றுவிடும். சராசரி ஆளின் பானையில் சுமார் 800 மைக்ரோகிராம் நிற்கிறது, அதில் தினம் 80 ஒழுகுகிறது. 100 மைக்ரோகிராம் மாத்திரையில் குடல் உறிஞ்சுவதும் தோராயமாக அதே 80தான்.

இப்போது வாசகியின் குவளையைக் கொஞ்சம் பெரிதாக்குவோம். 50, 75 ஆனதில் கூடியது 25. அதில் குடலைத் தாண்டி உள்ளே போவது 20 என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் பானையில் கூடுதலாக 20. மறுநாள் அதில் பத்தில் ஒன்று போய், புதிதாக 20 சேர்ந்து 38. அப்புறம் 54, 69. ஐந்தாம் நாள் 82. இப்படியே போனால் எங்கே நிற்கும்? 200இல். ஒரு வாரத்தில் 104, இரண்டாம் வாரக் கடைசியில் 154, நான்காம் வாரம் 190, ஆறாம் வாரம் 198. அதாவது டாக்டர் சீட்டில் 75 என்று எழுதிய நாளில் உங்கள் உடம்புக்கு 75 கிடைத்துவிடவில்லை. ஐந்தாம் நாள் ஏற்றத்தில் பாதியைக்கூட நீங்கள் தொடவில்லை.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. தைராய்டு குறைந்த உடம்பில் எல்லாமே மந்தம், டி4ஐச் செலவழிக்கும் வேலை உட்பட. அங்கே பாதியாகக் குறைய ஒன்பது பத்து நாள் ஆகும். தைராய்டு மிகைத்த உடம்பிலோ மூன்று நான்கு நாளே போதும். ஹார்மோன் ஏற ஏறப் பானையின் ஓட்டையும் பெரிதாகிறது. எத்தனை தடவை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

ஒரு நாள் மாத்திரையை மறந்தால் ஏன் ஒன்றும் தெரிவதில்லை என்பதற்கும் இந்தப் பானைதான் காரணம். கூடவே ஒரு பெரிய மோசடிக்கும் இதுதான் துணை போகிறது. "மாத்திரையைத் தூக்கிப் போடுங்கள், எங்கள் பொடியைச் சாப்பிடுங்கள், பத்தே நாளில் வித்தியாசம் தெரியும்" என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதை நம்பி நிறுத்தியவர்கள் முதல் பத்து நாள் உண்மையிலேயே நன்றாகத்தான் இருப்பார்கள். பானையில் பழைய நீர் கிடக்கிறது. படபடப்பு இருந்தவர்களுக்கு அதுகூடக் குறைந்திருக்கும். புகழ் எல்லாம் பொடிக்குப் போய்விடும். சோர்வும் மலச்சிக்கலும் குளிரும் திரும்பி வரும்போது ஒன்றரை மாதம் கடந்திருக்கும், அதற்குள் அந்தச் செய்தி பத்துப் பேருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். மற்ற மூடநம்பிக்கைகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். இதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

ரத்தத்தில் ஏறிவிட்டால் மட்டும் வேலை முடிந்துவிடாது. டி4 என்பது உறையிலிட்ட கத்தி மாதிரி. செல்லுக்குள் ஒரு நொதி அதன் ஓர் அயோடினைக் கழற்றி டி3 ஆக்கினால்தான் அது வெட்டும். எந்த உறுப்புக்கு எவ்வளவு டி3 வேண்டும் என்பதை அந்தந்த உறுப்பே பெருமளவு முடிவு செய்கிறது. மூளை தன் பங்கைச் சீராக வைத்துக்கொள்ளப் பார்க்கும். இதயத்துக்கு அந்த வசதி குறைவு, ரத்தத்தில் என்ன வருகிறதோ அதை நம்பியிருக்கிறது. ஏற்ற இறக்கத்தை முதலில் மார்பு சொல்வதில் ஆச்சரியமில்லை.

டி3 போய் உட்காரும் ஏற்பி, செல்லின் சுவரில் இல்லை. உள்ளே, உட்கருவில், டிஎன்ஏவின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ஹார்மோன் வராத நேரத்தில் அது சும்மா இருக்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை, பல மரபணுக்களின் வாயை அதுதான் பொத்தி வைத்திருக்கிறது. டி3 வந்ததும் கையை எடுக்கிறது, பேசு என்று தூண்டவும் செய்கிறது. அப்புறம் ஆர்என்ஏ படியெடுக்கப்பட வேண்டும், புரதம் செய்யப்பட வேண்டும், அது இதயத் தசையில் தன் இடத்தில் போய்ப் பொருந்த வேண்டும். கால்சியம் அயனிகளை வேகமாக இறைக்கும் பம்புகள் கூடுகின்றன, அட்ரினலினுக்குச் செவி சாய்க்கும் ஏற்பிகள் கூடுகின்றன. நேற்று வரை அலட்சியம் செய்த அதே அட்ரினலினுக்கு இதயம் இன்று துள்ளுகிறது. கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, சள்ளென்று வரும் கோபம் எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

அப்படியானால் ஐந்தாம் நாள் படபடப்பு கற்பனையா? இல்லை. ஐந்தில் இரண்டு பங்கு ஏற்றம் ஏற்கெனவே நடந்துவிட்டது, மெதுவாக ஓடிய இதயம் வேகம் பிடிப்பதை உடம்பு உணரத்தான் செய்யும். ஆனால் அந்த ஓர் அறிகுறியை மட்டும் வைத்து டோஸ் அதிகம் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. சரியான அளவை நோக்கிப் போகும் பாதையும் தப்பான அளவை நோக்கிப் போகும் பாதையும் முதல் வாரத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

பிரித்துச் சொல்வது டிஎஸ்எச் சோதனை. அதற்கும் ஆறிலிருந்து எட்டு வாரம் பொறுக்கச் சொல்கிறார்கள். டிஎஸ்எச் ரத்தத்தில் ஒரு மணி நேரத்தில் பாதியாகிவிடும், ஆகவே தாமதம் அதனுடையது இல்லை. பானை நிரம்பும் காலம் ஒன்று. மாதக்கணக்கில் கத்திக்கொண்டிருந்த பிட்யூட்டரி அடங்க வேண்டிய காலம் இன்னொன்று. மூன்றாம் வாரமே சோதித்து, "இன்னும் குறையவில்லையே" என்று டோஸை மறுபடி ஏற்றினால் என்ன ஆகும்? குளியலறையில் வெந்நீர் வரவில்லை என்று குழாயை மேலும் மேலும் திருகுகிறவர் கதைதான். நீர் வந்து சேரும்போது முதுகு வெந்துவிடும். பிட்யூட்டரியோ மிகையாகப் பேசும் ஆள் வேறு. டி4 பாதியானால் டிஎஸ்எச் இரண்டு மடங்கு ஆவதில்லை, நூறு மடங்கு வரை தாவும். அதனால் டிஎஸ்எச் 8இலிருந்து 2 ஆனதைப் பார்த்து தைராய்டு ஹார்மோன் நான்கு மடங்கு ஏறிவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

எந்த அறிகுறி எந்த வாரத்தில் தலைகாட்டும், எந்த வாரத்தில் அடங்கும் என்று ஒரு நல்ல அட்டவணை நோயாளியின் கையில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் காப்புரிமை எப்போதோ முடிந்துபோன, சல்லிசான மாத்திரை இது. அதைப் பற்றி இன்னும் நுணுக்கமாக ஆராய்வதில் எந்தக் கம்பெனிக்கும் லாபமில்லை. இப்படிப்பட்ட கேள்விகளுக்குத்தான் அரசுப் பணம் போக வேண்டும். புது மருந்துக்கு ஒதுக்குவதில் சிறு துளி போதும்.

பொறுமை எல்லாருக்கும் பொருந்தாது. மார்பு வலி, மூச்சுத் திணறல், மயக்கம், தாளம் தப்பிய துடிப்பு, உட்கார்ந்திருக்கும்போதே நாடி நூறைத் தாண்டி நிற்பது, இவற்றுக்கு ஆறு வாரக் கணக்கு கிடையாது, உடனே டாக்டர்தான். வயதானவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் 12.5, 25 என்று சின்னச் சின்னப் படியாக ஏற்றுவதும் இதனால்தான். நீண்ட காலம் அளவு மிஞ்சினால் இதயத் தாளம் கெடும், எலும்பும் தேயும். கர்ப்பிணிகளின் கணக்கு வேறு, அங்கே சோதனையும் டோஸ் மாற்றமும் சீக்கிரம் சீக்கிரமாக நடக்கும். வாசகிக்கும் சொல்லிவிடுகிறேன். பழைய மாத்திரைக்கு நீங்களாகப் போகாதீர்கள், எழுதித் தந்தவருக்குப் போன் செய்து இந்த அறிகுறிகளை அப்படியே சொல்லுங்கள். நாடி எண்ணையும் சேர்த்துச் சொன்னால் அவருக்கு இன்னும் உதவும்.

வெறும் வயிற்றில் தண்ணீரோடு, அரை மணியிலிருந்து ஒரு மணி வரை காபி கூட வேண்டாம், கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி. இவை எல்லாருக்கும் தெரிந்தவை. தெரியாத ஒன்று, முடிக்காகச் சாப்பிடும் பயோட்டின். அது ஹார்மோனை ஒன்றும் செய்யாது, சோதனைக் கருவியைக் குழப்பும். டிஎஸ்எச் குறைவாகவும் டி4 கூடுதலாகவும் காட்டி, இல்லாத மிகைத் தைராய்டை இருப்பதாகச் சொல்லிவிடும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிடுங்கள்.

முடியைப் பற்றிக் கேட்டிருந்தார், அது பாக்கி. சிகிச்சை தொடங்கிய முதல் சில மாதங்களில் முடி கொட்டுவது உண்டு, பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். ஆனால் ஒரு முடி வளர்ச்சியை நிறுத்தி ஓய்வுக்குப் போனால், உதிர்வதற்கு இரண்டு மூன்று மாதம் எடுத்துக்கொள்ளும். இன்று சீப்பில் வந்தது, டோஸ் போதாமல் இருந்த காலத்திலேயே புறப்பட்டுவிட்ட முடி. 75க்கு அதில் பங்கில்லை, அதற்கு வயதே ஐந்து நாள்.