கிராம சபையும் ஊராட்சி மன்றமும் ஒன்றல்ல

"கிராம சபை உறுப்பினர்கள் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள்." குடிமையியல் விடைத்தாளில் இப்படி எழுதினால் மதிப்பெண் போய்விடும். கிராம சபைக்கு யாரையும் யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அத்தனை பேரும் அதன் உறுப்பினர்கள். 18 வயது நிறைந்து பட்டியலில் பெயர் ஏறினால் நீங்களும் உறுப்பினர். பெயரை வேறு ஊருக்கு மாற்றிக்கொண்டால் உறுப்புரிமையும் அந்த ஊருக்குப் போய்விடும். இந்தச் சபைக்குப் பதவிக்காலம் கிடையாது, கலைப்பதற்கும் வழியில்லை.

தேர்தல் நடப்பது ஊராட்சி மன்றத்துக்கு. தலைவரும் வார்டு உறுப்பினர்களும் சேர்ந்ததுதான் மன்றம். தலைவரை ஊர் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவர் வார்டு உறுப்பினர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படுகிறார். தமிழ்நாட்டில் தலைவர், வார்டு உறுப்பினர் ஆகிய இரண்டு பதவிகளுக்கும் கட்சிச் சின்னத்தில் போட்டியிட முடியாது. ஒன்றியக் குழு, மாவட்ட ஊராட்சி ஆகியவற்றுக்குத்தான் கட்சி அடிப்படையில் தேர்தல். வாக்களிக்க 18 வயது, போட்டியிட 21 வயது. இந்த இரண்டு எண்களையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

வேறுபாடு கண்ணால் பார்க்கக் கிடைத்தது 2025-இல். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. மன்றம் இல்லை, தலைவர் இல்லை, நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போனது. ஆனால் அதே மாதம் 26-ஆம் தேதி அந்த ஊர்களில் கிராம சபை கூடியது. அதன் உறுப்பினர்களான வாக்காளர்கள் ஊரிலேயேதான் இருந்தார்கள். மன்றம் பிரதிநிதித்துவ மக்களாட்சி, சபை நேரடி மக்களாட்சி என்று பாடத்தில் வருவதன் பொருள் இதுதான். சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் நம் சார்பில் ஒருவரை அனுப்புகிறோம். கிராம சபையில் நாமே போய் உட்காருகிறோம்.

இதற்கு அடித்தளம் அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம். 1992-இல் நிறைவேறி 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்தது. சட்டப்பிரிவு 243 கிராம சபை என்றால் என்ன என்று வரையறுக்கிறது. 243ஏ, அதற்கு என்னென்ன அதிகாரம் என்பதை மாநிலச் சட்டமன்றம் முடிவு செய்யலாம் என்கிறது. அப்படி இங்கே வந்ததுதான் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994. அந்த 'செய்யலாம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். 'செய்ய வேண்டும்' என்றால் கடமை, 'செய்யலாம்' என்றால் விருப்புரிமை. பதினோராவது அட்டவணையில் உள்ள 29 பொருள்களுக்கும் இது பொருந்தும். "29 அதிகாரங்கள் ஊராட்சிகளுக்கு வழங்கப்பட்டுள்ளன" என்று வழிகாட்டி நூல்களில் பார்க்கலாம். உண்மையில் மாநிலம் வழங்கக்கூடிய பொருள்களின் பட்டியல்தான் அது. எத்தனை வழங்கியிருக்கிறது, எவ்வளவு வழங்கியிருக்கிறது என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

உத்திரமேரூர்க் கல்வெட்டின் தொடர்ச்சிதான் இன்றைய கிராம சபை என்று மேடையில் சொல்வார்கள். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை முறை தேர்தல் ஒழுங்குக்குப் பெரிய சான்று, சந்தேகமில்லை. ஆனால் அது ஒரு பிராமணக் குடியிருப்பின் சபை. அதன் வாரியங்களுக்குத் தகுதி பெற, வரி செலுத்தும் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேற்பட்ட நிலமும், சொந்த மனையில் வீடும், 35-க்கு மேல் 70-க்குள் வயதும் வேண்டும். இன்றைய சபைக்கு வாக்காளர் பட்டியல் ஒன்றே தகுதி. ஒப்பிடலாம், ஒன்றென்று சொல்லக்கூடாது.

இனி நடைமுறை. தமிழ்நாட்டில் கிராம சபை கூடுவது ஆண்டுக்கு ஆறு நாள்கள்: ஜனவரி 26, மார்ச் 22 உலக தண்ணீர் நாள், மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 உள்ளாட்சி நாள். முதலில் நான்குதான் இருந்தன. மார்ச்சும் நவம்பரும் 2022-இல் சேர்ந்தவை. தேதி சில சமயம் தள்ளிப்போகும். 2024 நவம்பர் 1 தீபாவளியையொட்டி வந்ததால் அந்தக் கூட்டம் நவம்பர் 23-க்கு மாறியது. இவை தவிர சிறப்புக் கிராம சபையும் கூட்டப்படுவதுண்டு.

கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னதாக அறிவிப்பு வர வேண்டும். இடம், நேரம், கூட்டப் பொருள் மூன்றும் அதில் இருக்கும். முன்பு தண்டோரா போட்டார்கள். 2022-இல் அரசு அந்த வழக்கத்தைக் கைவிடச் சொன்னது, இப்போது ஒலிபெருக்கி கட்டிய வண்டி. ஒவ்வொரு முறையும் ஒரே தெருவில் நடத்தாமல் குக்கிராமங்களுக்குச் சுழற்சி முறையில் மாற்ற வேண்டும். மதம் சார்ந்த வளாகத்தில் நடத்தக்கூடாது. கோயில் மண்டபத்தில் வைத்தால் ஊரில் ஒரு பகுதியார் வாசலோடு நின்றுவிடும் நிலைமை இன்னும் இருக்கிறது என்பதால் வந்த விதி.

எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும்? இதற்குப் பெயர் குறைவெண் வரம்பு, பேச்சுவழக்கில் 'கோரம்'. தமிழ்நாட்டில் இது ஊராட்சியின் மக்கள் தொகையைப் பொறுத்தது. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கும் மேல் 300 பேர். கணக்கிடுவது வருகைப் பதிவேட்டுக் கையெழுத்தை வைத்து. கோளாறு தொடங்குவதும் அங்கேதான். சில ஊர்களில் பதிவேடு கூட்டத்துக்கு முன்பே வேலைத்தளத்துக்கும் வீடுகளுக்கும் போய்க் கையெழுத்து வாங்கி வந்துவிடும். கூட்டத்தில் 40 பேர், பதிவேட்டில் 210 பேர். பேசாத தீர்மானமும் நிறைவேறியதாகிவிடுவது இப்படித்தான். கூட்டம் நடக்கும் இடத்தில், உட்கார்ந்த பிறகு மட்டுமே கையெழுத்துப் போடுவது என்று தெருவுக்குப் பத்துப் பேர் முடிவெடுத்தால் இது நின்றுபோகும்.

மன்றம் இருக்கும்போது தலைமை தாங்குபவர் ஊராட்சித் தலைவர், அவர் வராவிட்டால் துணைத் தலைவர். பதிவேடுகளை வைத்திருப்பவர் ஊராட்சிச் செயலர். ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஒருவர் பற்றாளராக வருவார். கூட்டம் விதிப்படி நடக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை, முடிவெடுப்பது இல்லை. மாணவர்கள் இதையும் கவனிக்க வேண்டும்: அலுவலர், மக்கள் பிரதிநிதி, உறுப்பினர் என மூன்று வகை ஆட்கள் ஒரே பந்தலில் இருக்கிறார்கள், மூவரின் அதிகாரமும் வேறு வேறு.

முதலில் கேட்க வேண்டியது படிவம் 30. ஊராட்சியின் வரவு செலவுச் சுருக்கம் அதில் இருக்கும். ஆகஸ்ட் 15 கூட்டமென்றால் ஏப்ரல் 1 முதல் ஜூலை 31 வரையிலான கணக்கு. அதைப் படித்துக் காட்டுவதோடு, எல்லாரும் பார்க்கும்படி பதாகையாகவும் வைக்க வேண்டும். பலர் இந்த இடத்தில் தேநீருக்கு எழுந்து போய்விடுகிறார்கள். 'தெருவிளக்குப் பராமரிப்பு' என்று ஒரு தொகை வாசிக்கப்படும்போது "எந்தத் தெருவில், எத்தனை விளக்கு, எந்த மாதம்?" என்று ஒரு கேள்வி எழுந்தால் போதும். பொறுப்புடைமை என்று பாடத்தில் படித்தது அந்தக் கேள்விதான்.

அடுத்தது தீர்மானம். கோரிக்கைக்கும் தீர்மானத்துக்கும் வேறுபாடு உண்டு. ஒருவர் எழுந்து கேட்பது கோரிக்கை. சபை ஏற்று, தீர்மானப் புத்தகத்தில் எண் போட்டு எழுதியது தீர்மானம். எழுதும் விதத்தில்தான் அதன் பலம். "மேலத்தெருவில் குடிநீர்ப் பிரச்சினை உள்ளது, நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்று எழுதினால் யார், எதை, எந்தப் பணத்தில் செய்வது என்று எதுவும் இல்லை. கோப்பு அசையாது. அதையே இப்படி எழுதலாம்: "மேலத்தெருவில் மேல்நிலைத் தொட்டியிலிருந்து தெருக்கோடிக் குழாய் வரை சுமார் 120 மீட்டர் பழுதடைந்த குழாயை மாற்றுவது, இதற்கு மதிப்பீடு தயாரித்துத் தர ஒன்றியப் பொறியாளரைக் கேட்பது, செலவை ஊராட்சிப் பொது நிதியில் மேற்கொள்வது எனத் தீர்மானிக்கப்பட்டது." இடம், அளவு, செய்பவர், நிதி நான்கும் வந்துவிட்டன. எழுதி முடித்ததும் உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கடைசித் தீர்மானத்தின் கீழே கோடிட்டு மூடச் சொல்லுங்கள். இடம் விட்டு வைத்த பக்கத்தில் பிறகு எது வேண்டுமானாலும் ஏறும்.

எல்லாத் தீர்மானத்துக்கும் ஒரே வலு இல்லை. குடிநீர்க் குழாய் ஊராட்சியின் அதிகார வரம்புக்குள் வருகிறது. பேருந்து, பள்ளி ஆசிரியர் பணியிடம், மாநில நெடுஞ்சாலை ஆகியவை வெளியே. அவற்றைப் பற்றிய தீர்மானம் உரிய துறைக்குப் போகும் பரிந்துரை மட்டுமே. ஒடிசாவின் நியாம்கிரி மலையில் நடந்தது வேறு. அங்கே மலைவாழ் மக்கள் பாக்சைட் சுரங்கத்தை எதிர்த்தபோது, வன உரிமைச் சட்டத்தின்படி கிராம சபைகளைக் கேட்க வேண்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன, சுரங்கத் திட்டத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டது. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியில் 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராகக் கிராம சபைத் தீர்மானம் வந்தது. டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அந்தச் சுரங்கத்துக்கான ஏலத்தை ரத்து செய்தது. முதலாவது சட்ட வலுவில் நடந்தது. இரண்டாவதில் போராட்டமும் மக்கள் கருத்தும்தான் வேலை செய்தன, தீர்மானம் அந்தக் கருத்துக்கு எழுத்து வடிவம் தந்தது.

தீர்மான நகல் வேண்டுமென்றால் முதலில் ஊராட்சி அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. வெள்ளைத் தாளில் மனு, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை, நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய், பதிலுக்கு 30 நாள். யாருக்கு எழுதுவதென்று தெரியாவிட்டால் வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம். தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால் ஐந்து நாளுக்குள் அவரே அங்கே மாற்றி அனுப்ப வேண்டும். மனுவில் கூட்டம் நடந்த தேதி, தீர்மான எண், வருகைப் பதிவேட்டின் நகல் என்று குறிப்பாகக் கேளுங்கள். "கிராம சபை பற்றிய எல்லா விவரமும்" என்று கேட்டால் ஒன்றும் வராது. 18 வயது ஆகாதவர் கிராம சபை உறுப்பினர் இல்லை, ஆனால் தகவல் கேட்கும் உரிமை 'எல்லாக் குடிமக்களுக்கும்' என்றுதான் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. வயது எதுவும் குறிப்பிடப்படவில்லை.